வீட்டை யார் பார்ப்பது?

நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் சம்ப்பில், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில், கொசுப்புழு நெளிகிற படத்தை ஞாயிற்றுக்கிழமை இங்கே போட்டிருந்தேன். அதை நீக்கச் சொல்லி நேற்று ஓனர் வீட்டிலிருந்து போன். "நீங்க என்ன ஹெல்த் இன்ஸ்பெக்டரா?" என்று கேட்டார்கள். இல்லைங்க. மாடியில் குடியிருந்து அதே தண்ணீரில் சோறு வடிக்கிறவள். இன்ஸ்பெக்டர் என்று ஒருவர் வந்திருந்தால் நான் ஏன் படம் எடுக்கப் போகிறேன்?

கீழ் போர்ஷன் 30ஆம் தேதி காலியானது. 31 பெயின்ட். 1ஆம் தேதி பால் காய்ச்சிவிட்டார்கள். பாத்ரூம் சுவரில் உப்பு பூத்து உதிர்ந்த இடத்துக்குப் பட்டி வைத்துத் தேய்த்து வெள்ளையடித்தார்கள். சம்ப் மூடியை யாரும் தூக்கவில்லை. மூடி ஓரத்தில் கை நுழைகிற அளவுக்கு உடைசல். டார்ச் அடித்தால் கொசுப்புழுக்கள் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்குகின்றன. முன்பு இருந்த பையன் டெங்குவில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது, வந்தவர்களுக்குத் தெரியாது.

நான் கேட்பது ஒன்றுதான். ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் யாராவது வந்து வீட்டைப் பார்க்க வேண்டும். தண்ணீர், சாக்கடை, ஈரம், காற்று. ஒரு மணி நேர வேலை.

வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் நம்மை எப்படியெல்லாம் பார்க்கிறார்கள்! என்ன வேலை, கறி சமைப்பீர்களா, எத்தனை பேர், என்ன ஆளுங்க. வேளச்சேரியில் ஒரு அம்மா என் மாமியார் இருமியதும் "டிபியா?" என்றே கேட்டுவிட்டார். உள்ளே வரும் மனிதனுக்கு இத்தனை சோதனை, வீட்டுக்கு ஒன்றுகூடக் கிடையாது.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2017இல் போட்ட வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வெள்ளையடிப்பது யார் செலவு, குழாய்க்கு வாஷர் மாற்றுவது யார் செலவு என்று அட்டவணையே உண்டு. அடுத்த ஆள் வருமுன் வீட்டைச் சோதிக்க வேண்டும் என்று மட்டும் இல்லை. நியூஜெர்சியில் இருக்கும் என் நாத்தனார் ஊரில் குடித்தனம் மாறும்போதெல்லாம் நகராட்சி ஆள் வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுத்தால்தான் சாவி கைமாறும்.

"அமெரிக்காவும் சென்னையும் ஒன்றா?" சரி, வேண்டாம். இங்கேயே மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் தெருத்தெருவாக வந்து சம்ப், டேங்க் எல்லாம் பார்க்கிறார்கள். காலி வீடு பூட்டியிருந்தால் என்ன செய்வார்கள்? டெங்கு கொசுவின் முட்டை காய்ந்த தொட்டிச் சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கிடக்கும். தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். புதுக் குடித்தனத்துக்கென்று காத்திருக்கிற மாதிரி.

"லஞ்சம் வாங்குவார்கள்." வாங்கட்டும், அதைத் தனியாகக் கேட்போம். "வாடகை ஏறும்." ஏறாமலா இருக்கிறது? ஒரே வீட்டு வாடகையை நம்பி வாழும் பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நினைத்தால் எனக்கும் சங்கடம்தான். சம்ப்பைத் தேய்த்துக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட எவ்வளவு ஆகிவிடும்?

கோபம் எனக்கு இன்று வந்ததில்லை. 2011இல் பெரம்பூரில் இருந்தோம். சம்ப்புக்கும் சாக்கடைத் தொட்டிக்கும் நடுவே மூன்றடி. தண்ணீரில் வாடை வருகிறது என்றால் "பழைய பைப்பும்மா, அப்படித்தான்" என்பார்கள். தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண் மஞ்சளாகி, கஞ்சியைக்கூடக் கக்கி, பிளஸ் டூ பரீட்சையே எழுதவில்லை. காலி செய்த அன்று அட்வான்ஸில் பெயின்டுக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்தார்கள். சாமான் ஏற்றும்போது பக்கத்து வீட்டு ஆயா சொன்னார்: "உங்களுக்கு முன்னால இருந்தவங்களுக்கும் காமாலைதாம்மா."

அந்த ஆயாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வந்த அன்றே சொல்லியிருக்கலாம்.

அதனால்தான் 1ஆம் தேதி குட்டியானை வண்டியிலிருந்து சாமான் இறங்கும்போதே கீழே போனேன். அந்தப் பெண் இடுப்பில் குழந்தையோடு குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். மூடியைத் தூக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அட்வான்ஸ் குடுத்துட்டோமேக்கா" என்றாள்.