15 ரூபாய் ஏன்?
முதல் உலகப்போரின்போது ஜெர்மன் கிழக்காப்பிரிக்காவின் (தபோரா இன்று தான்சானியாவில் இருக்கிறது) தபோரா ஊரில் அடித்த, யானை உருவம் பொறித்த தங்க நாணயத்தைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அதன் 15 ரூப்பி (அந்தக் காலனியின் பணம்) என்ற மதிப்பு 'விசித்திரமானது' என்கிறது கட்டுரை. அன்றைய இந்தியப் பெருங்கடல் வியாபாரிக்கு அதில் விசித்திரமே இல்லை. ஜெர்மன் கிழக்காப்பிரிக்காவின் பணமே நம் ரூபாயைப் பார்த்து வந்ததுதான். 1904 வரை ஒரு ரூப்பிக்குச் சில்லறை 64 பெசா, பிறகுதான் 100 ஹெல்லர். 15 ரூப்பிக்கு 20 ஜெர்மன் மார்க் என்பது அங்கே நிலையான மாற்று விகிதம். இந்தியாவில் அப்போது ஒரு பிரிட்டிஷ் சவரன் தங்கக் காசும் 15 ரூபாய்தான்! 1916-ல் பிரிட்டிஷ் கடல் முற்றுகையால் பெர்லினிலிருந்து காசு வராமல், தபோரா ரயில்வே பட்டறையிலேயே செக்கெங்கே சுரங்கத் தங்கத்தில் சுமார் 16,000 அடித்தார்கள். செப்டம்பரில் பெல்ஜியப் படை ஊரைப் பிடித்துவிட்டது. அரிதானது அதனால்தான். கட்டுரைக்குக் கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் 'பித்தளைக் காசெல்லாம் போலி' என்று எழுதியிருக்கிறார். தவறு, 20 ஹெல்லர் அங்கே பித்தளையிலும் அடிக்கப்பட்டது. என்னிடம் ஒன்று இருக்கிறது. கிரீடம் பாதி அழுந்தியும் அழுந்தாமலும், அடியில் தபோராவைக் குறிக்கும் 'T' எழுத்து. பட்டறை வேலை என்று பார்த்தாலே தெரியும். சொல்லப்போனால், அச்சு ரொம்பச் சுத்தமாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.