இலவசமாக வந்த பொருளும் விளம்பரம்தான்

சமூக ஊடகத்தில் பொருட்களைக் காட்டிப் பரிந்துரைப்பது பற்றி ஒருவர், "பணம் வாங்கினால்தான் விளம்பரம். இலவசமாக வந்த சேலையையோ கிரீமையோ காட்டினால் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, அது நம் சொந்தக் கருத்து" என்று எழுதியிருக்கிறார். இது தவறு. நம்பிச் செய்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது. பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், தள்ளுபடி, பரிசு, பயணம், தங்குமிடம், குடும்ப உறவு, வேலை உறவு எல்லாமே பார்ப்பவர்களிடம் சொல்லப்பட வேண்டிய, விற்பவரோடு உள்ள தொடர்புகள். அதாவது, அண்ணன் நடத்தும் எண்ணெய்க் கடையைப் பற்றித் தங்கை 'வாங்கிப் பார்த்தேன், அருமை' என்று ரீல்ஸ் போட்டால், அந்த உறவையும் சொல்லியாக வேண்டும்.

சரி, எங்கே சொல்வது? இருபது ஹேஷ்டேக்குகளுக்கு நடுவே ஒளித்து வைத்தால் போதாது. வீடியோ என்றால் திரையிலும் தெரிய வேண்டும், வாயாலும் சொல்ல வேண்டும். லைவ் என்றால் முழு நேரமும் தெரிய வேண்டும். தமிழில் பேசுகிறீர்களா, அறிவிப்பும் தமிழில் இருக்கட்டும். 'விளம்பரம்' என்ற ஒரு சொல் எல்லோருக்கும் புரியும்.

அப்புறம், தானே பயன்படுத்தாத, விசாரித்தும் பார்க்காத பொருளைப் பரிந்துரைக்கவே கூடாது என்றும் அதில் இருக்கிறது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. திறக்காத டப்பாவைக் கையில் பிடித்து 'ஆறு மாதமாகத் தேய்க்கிறேன்' என்பவரை நம்பி, யாரோ ஒருவர் தன் குழந்தைக்கும் தேய்க்கிறார்.

தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. பரிந்துரைத்தவருக்கும் இது பொருந்தும்.

'சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள்' என்ற பயம் புரிகிறது. ஆனால் "இதை அனுப்பி வைத்தார்கள், வாசனை பிடித்தது, மூடி மட்டும் கசிகிறது" என்று சொல்பவரிடம்தான் நான் திரும்பத் திரும்ப வாங்குகிறேன்.