ஜைரோவா, கார்டா? மின்கட்டணத்தில் எதில் எவ்வளவு மிச்சம்

சிங்கப்பூரில் காலாண்டு மின்கட்டண அறிவிப்பு வரும்போதெல்லாம் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள்: ஜைரோவில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிய விட்டுக் கட்டினால் மின்சாரம் மலிவா? மின்விநியோக நிறுவனமான எஸ்பி குழுமத்திடம் ஒழுங்குமுறைக் கட்டணத்தில் மின்சாரம் வாங்குகிறவர்களுக்குப் பதில் ஒரே வரிதான். ஜைரோ, பேநவ் என்ற கைப்பேசிப் பணமாற்று, கார்டு, பில் கட்டும் ஏஎக்ஸ்எஸ் இயந்திரம், எதில் கட்டினாலும் யூனிட் விலை ஒன்றே. எரிசக்திச் சந்தை ஆணையத்தின் விதிப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிர்ணயிக்கப்படும் அந்த விலையில், நீங்கள் பணம் கட்டும் வழிக்கு இடமே இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே இருப்பதுபோல் ஒரு வரம்புவரை இலவசம், அதற்குமேல் அடுக்கடுக்காக விலை ஏறும் என்பதெல்லாம் இங்கே கிடையாது. முதல் யூனிட்டுக்கும் ஐந்நூறாவது யூனிட்டுக்கும் ஒரே விலை.

இது எல்லா ஊரிலும் இப்படி இல்லை. பிரிட்டனில் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகக் கழிய விடுகிறவர்கள், பில் வந்தபின் கட்டுகிறவர்கள், முன்பணம் போடும் மீட்டர் வைத்திருப்பவர்கள் என்று மூன்று தரப்புக்கும் ஆஃப்ஜெம் என்ற கட்டுப்பாட்டு அமைப்பு தனித்தனி விலை உச்சவரம்பு வைக்கிறது. முன்பண மீட்டர்காரர்கள், பெரும்பாலும் கையில் காசில்லாதவர்கள், நெடுங்காலம் அதிகம் கட்டினார்கள். 2024 ஏப்ரலில்தான் நிலைக்கட்டண (எவ்வளவு பயன்படுத்தினாலும் தினமும் விழும் கட்டணம்) வித்தியாசத்தைச் சரிசெய்தார்கள். பில் வந்தபின் கட்டுகிறவர்களுக்கு இன்னமும் கூடுதல்தான். வசூல் செலவு, வாராக்கடன் என்று நிறுவனங்கள் காரணம் சொல்கின்றன. காரணம் உண்மையாகவே இருக்கட்டும். ஏழை அதே விளக்குக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயமில்லை என்பது என் கருத்து. அந்த வகையில் நம் ஒழுங்குமுறைக் கட்டணம் நேர்மையானது.

இங்கும் பில் கட்ட முடியாமல் பாக்கி சேர்ந்த வீடுகளுக்கு, இணைப்பைத் துண்டிப்பதற்குப் பதிலாக, முன்கூட்டிப் பணம் போட்டுப் பயன்படுத்தும் மீட்டர் உண்டு. அதில் போடும் பணத்தில் ஒரு பகுதி பழைய பாக்கிக்குப் போய்விடும். 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போட்டால் 20 வெள்ளிக்கும் மின்சாரம் வராததால், விலை கூடிவிட்டதாகத் தோன்றும். பாக்கி சேரத் தொடங்கும்போதே எஸ்பியிடம் தவணை கேட்பதும், வட்டாரச் சமூக சேவை அலுவலகத்தை அணுகுவதும் நல்லது. துண்டிப்பு நோட்டீஸ் வந்தபின் ஓடினால் மறுஇணைப்புச் செலவும் சேர்ந்துகொள்ளும்.

சரி, கார்டுக்கு வருவோம். 2025 மூன்றாம் காலாண்டு விலையை எடுத்துக்கொள்ளுங்கள்: யூனிட்டுக்கு 27.47 காசு, ஜிஎஸ்டி சேர்க்காமல். மாதம் 400 யூனிட் ஓடும் வீட்டுக்கு 109.88 வெள்ளி, 9 விழுக்காடு ஜிஎஸ்டி 9.89, மொத்தம் 119.77. கார்டு 1 விழுக்காடு திருப்பித் தந்தால் மாதம் 1.20, ஆண்டுக்கு 14 வெள்ளி சொச்சம். அதுவும் தந்தால்தான். பல கார்டுகள் மின்சாரம், தண்ணீர் போன்ற பயனீட்டுக் கட்டணத்தைப் புள்ளிக் கணக்கிலிருந்தே விலக்கிவிடுகின்றன. கார்டு உலகில் இந்த வகை வணிகர்களுக்குக் குறியீடு 4900. உங்கள் கார்டின் விதிமுறைத் தாளில் விலக்குப் பட்டியலைத் திறந்து அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டு நிமிட வேலை. கார்டு புள்ளிக்காக இடைத்தரகுச் செயலி வழியாகக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் செயலிகள் கட்டணம் பிடிக்கும். கிடைக்கும் புள்ளியின் மதிப்பு அதைத் தாண்டுகிறதா என்று கணக்குப் போட்டுவிட்டுச் செய்யுங்கள்.

திறந்த மின்சாரச் சந்தையில்தான் விஷயம் கொஞ்சம் கலங்குகிறது. 2018இல் ஜூரோங்கில் தொடங்கி 2019 மே மாதத்துக்குள் தீவு முழுவதும் வந்த அந்த ஏற்பாட்டில், எஸ்பிக்குப் பதில் வேறு நிறுவனத்திடம் மின்சாரம் வாங்கலாம். அப்படி மின்சாரம் விற்கும் நிறுவனங்கள் ‘இந்த வங்கிக் கார்டில் கட்டினால் இவ்வளவு கழிவு’ என்று விளம்பரம் போடுகின்றன. அந்தக் கழிவை யூனிட்டுக்கு மாற்றிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒருமுறை 30 வெள்ளி கழிவு என்றால், ஓராண்டுக்கு 4,800 யூனிட்டில் பரப்பினால் யூனிட்டுக்கு 0.6 காசுதான். விலையிலேயே 1 காசு குறைந்த திட்டம் ஆண்டுக்கு 48 வெள்ளி மிச்சம் தரும், எந்தக் கார்டும் தேவையில்லை. கார்டே இல்லாத முதியவர்களுக்கும் சம்பளம் போதாமல் கார்டு கிடைக்காதவர்களுக்கும் இந்தச் சலுகை எட்டாது என்பது தனிக் குறை. கழிவைக் கார்டில் ஒட்டாமல் விலையில் குறைத்துக் காட்டட்டும் என்பேன்.

ஒப்பிடும்போது பலர் சறுக்கும் இடம் ஜிஎஸ்டி. எஸ்பியின் 27.47ஐ, ஜிஎஸ்டி சேர்த்துப் போட்டிருக்கும் திட்ட விலையோடு வைத்துப் பார்த்தால் திட்டம் விலை அதிகம்போலத் தெரியும். 27.47க்கு வரி சேர்த்தால் 29.94. இரண்டையும் ஒரே பக்கம் கொண்டுவந்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். பிறகு திட்ட விவரத் தாளில் நான்கு வரிகளைத் தேடுங்கள்: வைப்புத்தொகை, பாதியில் முறித்தால் கட்டணம், தாமதக் கட்டணம், ஒப்பந்தம் முடிந்ததும் தானாகப் புதுப்பிப்பார்களா என்பது. பில் எஸ்பி வழியாக வருமா, நிறுவனமே தனியாக அனுப்புமா என்பதையும் கேளுங்கள். தனியாக வந்தால் உங்களுக்கு இரண்டு பில், இரண்டு கெடு நாள், இரண்டு ஜைரோ. அரசு தரும் யூ-சேவ் தள்ளுபடி எஸ்பி கணக்கில்தான் சேரும், ஆகவே அது எந்தப் பில்லில் கழியும் என்பதையும் முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இனி ஜைரோ. எனக்குப் பிடித்த முறை அதுதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. 2021இல் வந்த இ-ஜைரோவில் வங்கிச் செயலி வழியாகச் சில நிமிடத்தில் பதிந்துவிடலாம். முன்பு தாள் படிவத்துக்கு வாரக்கணக்கில் ஆனது. பதிந்த உடனே பழைய வழியை நிறுத்திவிடக் கூடாது. பில்லில் ‘ஜைரோ வழி கழிக்கப்படும்’ என்று தேதியோடு அச்சாகும் வரை நீங்களே கட்ட வேண்டும். இரண்டு முறை கட்டிவிட்டால் பயமில்லை, அடுத்த பில்லில் வரவாக நிற்கும்.

அதிகம் சிக்கவைப்பது உச்சவரம்பு. ஜைரோ பதியும்போது ஒரு தடவைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைக்கலாம். மின்சாரத்தை மட்டும் மனத்தில் வைத்து 150 வெள்ளி என்று போடுவார்கள். ஆனால் எஸ்பி பில்லில் தண்ணீர், எரிவாயு, குப்பை அகற்றும் கட்டணம் எல்லாம் சேர்ந்தே வருகிறது. மே, ஜூன் வெயிலில் ஏர்கான் ஓடி 165 வந்துவிட்டால் வங்கி 150ஐ மட்டும் கழிக்காது, முழுத் தொகையையும் நிராகரித்துவிடும். கணக்கில் பணம் போதாவிட்டாலும் கதை இதுவே. எஸ்பி பக்கம் பாக்கி, வங்கி பக்கம் தோல்விக் கட்டணம். கார்டு புள்ளியில் ஓராண்டு மிச்சம் பிடித்தது ஒரே நாளில் போய்விடலாம். வரம்பு வைத்தே ஆக வேண்டும் என்றால் உங்கள் மிகப் பெரிய பில்லைப்போல் இரண்டு மடங்கு வையுங்கள். கார்டில் தானியங்கிக் கழிப்பு வைத்திருப்பவர்களுக்கு இதற்கு இணையான பொறி, கார்டு காலாவதியாகிப் புது எண் வருவது.

தானாகக் கழிகிறது என்பதால் பில்லைத் திறப்பதே நின்றுபோகிறது. ஜைரோவின் உண்மையான செலவு இதுதான். பழைய வகை மீட்டர் உள்ள வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் அளவு எடுப்பார்கள், இடைப்பட்ட மாதம் மதிப்பீடு. மதிப்பீடு தவறினால் அடுத்த பில் குதிக்கும். எஸ்பி செயலியில் மீட்டரைப் படம் பிடித்து அளவை நீங்களே அனுப்பலாம். அடுத்த குழப்பம், யூ-சேவ் வரும் மாதங்கள்: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். 2025 நிதியாண்டில் நாலறை வீட்டுக்கு மொத்தம் 600 வெள்ளி வரை வந்தது. புதிய காலாண்டு விலையும் அதே மாதங்களில்தான் தொடங்குகிறது. விலை ஏறியிருந்தாலும் யூ-சேவ் கழிந்து பில் சிறுத்துத் தெரியும், அது தீர்ந்த மாதம் விலை எகிறிவிட்டதாகத் தோன்றும். வெள்ளியைப் பார்க்காமல் யூனிட் எண்ணிக்கையைப் போன ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

வீடு மாறுகிறவர்கள் ஜைரோவைக் கணக்கு மூடும் அன்றே வங்கியில் ரத்து செய்துவிடுகிறார்கள். இறுதிப் பில் அதற்குப் பிறகுதான் வரும். வைப்புத்தொகையும் அதில்தான் நேராகும். மீதத் தொகை திரும்ப வர வேண்டியிருந்தால், அது கையில் வந்து சேரும் வரை அந்த வங்கிக் கணக்கையும் மூடாதீர்கள்.