மெனு அட்டை எங்கே?

யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக் கடைகளிலும் மேசையில் கியூஆர் ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். காசு கட்ட அது வசதிதான். லங்கா கியூஆர் பொதுத் தரம் என்பதால் வங்கிக்கொரு ஸ்டிக்கர் தேவையில்லை. மெனுவையும் அதற்குள் ஒளித்து வைப்பதுதான் எரிச்சல். கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு கடையில் அம்மம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைத் தள்ளிப் பிடித்து, பக்கம் திறக்குமட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார். டேட்டாவும் எங்கள் காசுதானே? கொத்துரொட்டிக்கு உறைப்பைக் குறைக்கச் சொல்ல அதில் இடமே இல்லை. பரிமாறும் தம்பியைக் கூப்பிட்டால், "அதிலேயே போடுங்கோ" என்கிறார். சரி, போட்டோம். வைஃபை அறுந்து ஓடர் குசினிக்குப் போகவேயில்லை. திரை அதைச் சொல்லவும் இல்லை. பசியோடு இருக்கும் வயதானவருக்கு ஒரு அச்சடித்த அட்டை கொடுக்க என்ன செலவாகிவிடும்?