உங்கள் இரண்டாம் விருப்பம் கட்சியின் கையில் இல்லை

'ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தலில் சிறு கட்சிக்கு வாக்களித்தால், அது தோற்றதும் பேரம் பேசி உங்கள் வாக்கைப் பெரிய கட்சிக்குக் கொடுத்துவிடும்' என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. சட்டப்பேரவையின் 93 தொகுதிகளிலும் வேட்பாளர்களுக்கு விருப்ப வரிசையில் 1, 2, 3 என்று எண் இடுபவர் வாக்காளர் மட்டுமே. 1 பெற்றவர் குறைந்த வாக்குகளால் எண்ணிக்கையில் நீக்கப்பட்டால், வாக்கு 2 பெற்றவருக்குப் போகும். வாக்குச்சாவடி வாசலில் கட்சிக்காரர்கள் நீட்டும் அட்டை வெறும் பரிந்துரை, வாங்காமலே நடக்கலாம். 1 மட்டும் எழுதினாலும் வாக்கு செல்லும். ஆனால் அந்த வேட்பாளர் நீக்கப்பட்டால், வாக்கு எவருக்கும் போகாமல் எண்ணிக்கையிலிருந்து விலகிவிடும். கவலைப்பட வேண்டியது இதற்குத்தான்.

வதந்திக்கு ஒரு வேர் உண்டு. மேலவைத் தேர்தலில் 1999 வரை, வாக்குச்சீட்டில் உள்ள கோட்டுக்கு மேலே, தனி வேட்பாளர்களுக்குப் பதில் கட்சிக்கு 1 இட்டவர்களின் விருப்பங்கள் கட்சி பதிவுசெய்த பட்டியல்படியே பாய்ந்தன. அண்டை மாநிலமான விக்டோரியாவின் மேலவைக்கு 2022இலும் அதே முறைதான்.