காற்றாலையில் 20 வீதப் பங்கு: பரவும் செய்தி பிழை

மன்னார், பூநகரிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "காற்றாலை வரும் ஊர் மக்களுக்குச் சட்டப்படி 20 வீதப் பங்கு. கரண்டும் இலவசம். அடையாள அட்டைப் பிரதியோடு படிவத்தில் கையெழுத்து வையுங்கள்."

இலங்கையில் அப்படியொரு சட்டம் இல்லை. 20 வீதம் என்பது டென்மார்க்கில் 2009 முதல் இருந்த ஏற்பாடு. அங்கும் சும்மா கொடுக்கவில்லை; 4.5 கிலோமீற்றருக்குள் வசிப்பவர்கள் காசு கொடுத்துப் பங்கு வாங்க முன்னுரிமை இருந்தது. அதையும் 2020இல் நீக்கிவிட்டார்கள்.

எங்கள் கையில் இருக்கும் உரிமை வேறு, அதைத்தான் விட்டுவிடக்கூடாது. 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட திட்டத்துக்குத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை (திட்டத்தால் சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று சொல்லும் அறிக்கை) தயாரானால் தமிழிலும் அறிவித்தல் வரவேண்டும். அறிவித்தல் வந்து 30 நாட்களுக்குள் யாரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். இவற்றை மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் கேட்டுச் சரிபாருங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம்.

வீதி, பாடசாலை, மீனவர் இறங்குதுறை என்று யாராவது வாக்குக் கொடுத்தால், அதை எழுத்தில் வாங்குங்கள். படிவம் நீட்டினால் மேல்வரியைப் பாருங்கள்: கூட்டத்துக்கு வந்ததற்கான வரவுப் பதிவா, காணிக்கான சம்மதமா? வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

தயவுசெய்து அந்தச் செய்தியை இனிப் பகிராதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போடுங்கள்.