கட்டைவிரலுக்கு 30, பென்ஷனுக்கு 40

"கை போச்சு, வேலைக்குப் போக முடியல. அப்புறம் ஏன் பென்ஷன் தர மாட்டேங்கறாங்க?" தமிழ்நாடு-ஆந்திர எல்லையில் சத்தியவேடு, ஊத்துக்கோட்டை, நகரி பக்கம் மாற்றுத்திறனாளி பென்ஷன் பற்றி அடிக்கடி காதில் விழும் கேள்வி. உண்மை என்னவென்றால், நம்மால் வேலை பார்க்க முடியுமா என்பதை, சான்றிதழ் தரும் மெடிக்கல் போர்டு பார்ப்பதே இல்லை. உறுப்பு எத்தனை சதவீதம் போயிருக்கிறது என்று அட்டவணைப்படி அளக்கிறது, அவ்வளவுதான்.

கட்டைவிரல் அடியோடு போனால் 30. ஒரு கண் முழுக்கப் போய், இன்னொன்று நன்றாக இருந்தால் அதுவும் 30. பென்ஷன் தொடங்குவதோ 40-இல். பிரஸ் மெஷினில் வலது கட்டைவிரலைக் கொடுத்தவருக்கு அந்த வேலை இனி கிடையாது, ஆனால் சர்க்கார் கணக்கில் அவர் தகுதியற்றவர். எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது.

இரண்டு குறை இருந்தால் கூட்டிப் போடுவார்கள் என்று நினைக்கிறோம். காலில் 40, கண்ணில் 30 என்றால் 70 வராது. பெரியதை அப்படியே வைத்து, 90-இல் மீதமுள்ள 50-ஐச் சின்னதால் பெருக்கி 90-ஆல் வகுப்பார்கள். 16.7 வரும். ஆக மொத்தம் சுமார் 57. தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான மாதம் 2,000 ரூபாய்க்கு 75 வேண்டும், அறிவுசார் குறைபாடு போன்ற சிலவற்றுக்கு 40 போதும். அதனால் இவர் வருவாய்த் துறையின் 1,500 ரூபாய்க்குத்தான் போக வேண்டும். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது.

எல்லை தாண்டினால் தொகையே வேறு. ஆந்திராவில் 2024 ஜூலையிலிருந்து 40 சதவீதத்துக்கே 6,000, படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு 15,000. இதைப் பார்த்து அரிசி கார்டை அந்தப் பக்கம் மாற்றலாமா என்று யோசிப்பவர்கள் உண்டு. வேண்டாம். சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும் என்று 2016 சட்டம் சொல்கிறது, வாஸ்தவம். ஆனால் பென்ஷன் அந்தந்த மாநிலத்துக் குடும்பங்களுக்குத்தான். இரண்டு பக்கமும் ஆதார் கேட்கிறார்கள். அதோடு 2025-இல் ஆந்திராவில் சதரம் சான்றிதழ்களை (அங்கே தரும் மாற்றுத்திறனாளி சான்றிதழ்) மறுபடி சோதித்து, 40-க்குக் கீழே வந்தவர்களுக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த நம்மாட்களும் அதில் உண்டு. நோட்டீஸ் வந்தால் வாயால் கெஞ்சிப் பிரயோஜனமில்லை. பழைய ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரியோடு எம்.பி.டி.ஓ. (மண்டல வளர்ச்சி அதிகாரி) ஆபீஸில் அப்பீல் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள். சான்றிதழில் 'தற்காலிகம்' என்று இருக்கிறதா, எந்தத் தேதி வரை என்பதை இன்றைக்கே பாருங்கள். அந்தத் தேதி தாண்டியபின் ஓடினால் பணம் நின்றிருக்கும்.

ஸ்ரீசிட்டி, கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் பென்ஷன் கவுன்டருக்கு முன்னால் போக வேண்டிய இடம் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. அங்கே பார்ப்பது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதை. 40 என்ற வேலி கிடையாது. அந்தக் கட்டைவிரலையே எடுத்துக்கொள்ளுங்கள். தினக்கூலி சராசரி 600 என்றால் அதில் 90 சதவீதம் 540, அதில் 30 சதவீதம் 162. மாதம் சுமார் 4,860, ஆயுள் முழுக்க. பிறகு வேறு வேலைக்குப் போனாலும் நிற்காது.

இது கிடைக்காமல் போவது பெரும்பாலும் முதல் நாளிலேயே. காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, பில்லைக் கட்டி, 'வீட்டில் அடிபட்டது' என்று எழுத வைத்துவிடுவார். நல்ல மனுஷன் என்று தோன்றும். விபத்துப் புத்தகத்தில் பெயர் ஏறியதா, 24 மணி நேரத்தில் ஈ.எஸ்.ஐ.-க்கு விபத்து அறிக்கையான ஃபார்ம் 12 போனதா என்று வீட்டாள் கேட்க வேண்டும். கேஸ் ஷீட்டில் 'வேலையின்போது' என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்துக்கும் இது உண்டு.

இன்னொன்று பி.எஃப். பத்து வருஷம் ஆனால்தான் பென்ஷன் என்பது முழுக்கச் சரியில்லை. வேலையில் இருக்கும்போதே நிரந்தரமாக, முழுமையாக முடங்கிப்போனவருக்கு ஒரு மாதப் பிடித்தம் இருந்தாலே போதும். மெடிக்கல் பரிசோதனைக்குப் பிறகு மாதப் பென்ஷன் வரும், குறைந்தது 1,000. அதற்கு ஃபார்ம் 10டி. புரோக்கர்கள் நீட்டுவது 10சி. அதில் கையெழுத்துப் போட்டு மொத்தமாக எடுத்துவிட்டால் பென்ஷன் கணக்கு அதோடு முடிந்தது.